ஆச்சி கண்ணாடியில் ஒரு திருப்புதல்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த இரண்டு மாதத்துக்கும் வேறு பெயர் உண்டு: முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை எழுப்பி, போர்வையோடு திண்ணையில் உட்காரவைத்து, கையில் புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்தில் சுக்குக் காப்பியை வைத்துவிட்டுப் போவோம். பிள்ளை வாசிக்கும். வாய் அசைவது தெரியும். உள்ளே என்ன போகிறது என்பது தெரியாது.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. பதினெட்டு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன வருடம் அண்ணன் மகள் பத்தாவது. முதல் திருப்புதலில் அறிவியலில் 75-க்கு 29 வாங்கிக்கொண்டு வந்தாள். விடைத்தாளை விரித்துப் பார்த்தேன். இயக்க விதிகளிலும் மின்னோட்டவியலிலும் ஓரளவு தேறியிருந்தாள். ஒளியியலும் ஒலியியலும் மொத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தன.

"ஒளிவிலகல்னா என்ன?" என்று கேட்டேன். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் சாய்வாகப் போகும்போது திசை மாறுவது என்று மூச்சு விடாமல் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

"சரி, படித்துறையில இடுப்பளவு தண்ணில நிக்கும்போது உன் கால் குட்டையா தெரியுதே, ஏன்?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்கும் தான் இப்போது ஒப்பித்த வரிக்கும் சம்பந்தம் இருக்கும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினெட்டு வருடமாக என் வகுப்பில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இதே பார்வையைப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத்தான் நேரம் இருந்ததில்லை. வீட்டுப் பிள்ளை என்பதால் அன்று நேரம் இருந்தது.

அவள் எப்படிப் படித்தாள் என்று கேட்டேன். பாடத்தை ஐந்து தடவை வாசித்திருக்கிறாள். மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருக்கிறாள். பக்கத்தில் பாதி மஞ்சள்தான். அப்புறம் கைடில் இருக்கும் ஒன் வேர்டு, புக் பேக் கேள்விகள். ஐந்து தடவை வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும், ஏனென்றால் கண்ணுக்குப் பழகிவிடும். மூடிவைத்தால்தான் உள்ளே என்ன நின்றிருக்கிறது என்பது தெரியும். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு மனவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அல்லவா?

அதனால் முதல் வேலையாகப் புத்தகத்தை வாங்கி மச்சில் வைத்தேன். பிள்ளை பதறிவிட்டாள்.

"அத்தை, பரிச்சைக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு!"

"இருக்கட்டும். ஆச்சிகிட்ட போயி கண்ணாடியை வாங்கிட்டு வா."

ஆச்சி என்றது என் அம்மாவை. பஞ்சாங்கம் பார்க்கவும், அரிசியில் கல் பொறுக்கவும் மட்டும் அணிகிற வெள்ளெழுத்துக் கண்ணாடி. பவர் பிளஸ் இரண்டரை. பட்டாசலின் (கூடத்தின்) கதவையும் மற்ற ஜன்னல்களையும் சாத்திவிட்டு ஒரு ஜன்னலை மட்டும் திறந்துவைத்தோம். வெளியே வெயிலில் தென்னை நிற்கிறது. எதிர்ச் சுவரில் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து, மெதுவாகச் சுவரைவிட்டு விலக்கிக்கொண்டே வரச் சொன்னேன். முதலில் வெறும் வெளிச்சத் திட்டு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தபோது, சுண்ணாம்புச் சுவரில் தென்னை தலைகீழாக, பச்சை நிறத்தோடு, ஓலை ஆடுவது உட்பட, விழுந்தது.

"எம்மா!" என்றாள். ஆச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, என் கண்ணாடிக்குள்ள மரம் இருக்கா?" என்று கேட்டாள்.

அளவுநாடாவால் அளந்தோம். 40 சென்டிமீட்டர். டையாப்டர் என்பது கண்ணாடி பவரின் அலகு. இரண்டரை டையாப்டர் என்றால் குவியத்தொலைவு, அதாவது லென்சிலிருந்து தூரத்துப் பொருளின் பிம்பம் விழுகிற இடம்வரை உள்ள தொலைவு, ஒன்றை இரண்டரையால் வகுத்த அளவு, 0.4 மீட்டர். கண்ணாடிக் கடைச் சீட்டில் இருக்கும் எண்ணும் சுவரில் விழுந்த மரமும் ஒரே விஷயத்தைச் சொல்லின. செய்முறைத் தேர்வில் தொலைபொருள் முறை என்று இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். ஆய்வகத்தில் லென்சைத் தாங்கியில் பொருத்திக் கொடுத்துவிடுவதால், ஆச்சியின் மூக்கில் இருப்பதும் அதே பொருள்தான் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை.

அடுத்து வந்ததுதான் எல்லாரும் விழுகிற பள்ளம். குறியீட்டு மரபு. பிளஸ் எங்கே, மைனஸ் எங்கே. என் வகுப்பில் ஒளியியல் கணக்கில் மார்க் போகிறது என்றால் பாதிக்கு மேல் இதில்தான் போகும். பிள்ளைகள் இதை ஒரு சட்டம்போல மனப்பாடம் செய்கிறார்கள்: குவிலென்சுக்குப் பிளஸ், குழிலென்சுக்கு மைனஸ், மாய பிம்பத்துக்கு (சுவரில் பிடிக்க முடியாதது) மைனஸ், மெய் பிம்பத்துக்கு (சுவரில் விழுவது) பிளஸ். அப்புறம் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஆடிக்கு வந்ததும் மெய் பிம்பம் மைனஸாக மாறிவிடும். அவ்வளவுதான், எல்லாம் குழம்பிப்போகும்.

மனப்பாடம் வேண்டாம் என்றேன். லென்சின் நடுவில் நீ நிற்கிறாய். ஒளி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அளந்தால் பிளஸ். ஒளி வந்த வழியே திரும்பி அளந்தால் மைனஸ். பொருள் எப்போதும் ஒளி வருகிற பக்கத்தில் இருப்பதால் பொருளின் தொலைவு மைனஸ். ஆடியில் பட்ட ஒளி வந்த பக்கமே திரும்பிவிடுவதால் அங்கே மெய் பிம்பமும் மைனஸ் பக்கத்திலேயே விழுகிறது. இவ்வளவுதான் சட்டம்.

இன்னொன்றையும் சொன்னேன், இதை எந்தக் கைடிலும் அழுத்திச் சொல்லி நான் பார்த்ததில்லை. தெரிந்த அளவுகளுக்கு மட்டும் குறி போட வேண்டும். தெரியாததைத் தொடவே கூடாது. பிள்ளைகள் 'பிம்பம் மாய பிம்பமாகத்தான் இருக்கும்' என்று முன்கூட்டியே நினைத்து, கண்டுபிடிக்க வேண்டிய எண்ணுக்கும் சேர்த்து மைனஸ் போட்டுவிடுகிறார்கள். அந்த மைனஸைக் கணக்கு தானே சொல்ல வேண்டும்.

ஆச்சி கண்ணாடியை வைத்தே கணக்குப் போட்டோம். ஆச்சி பஞ்சாங்கத்தை 25 சென்டிமீட்டரில் வைத்துப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பொருளின் தொலைவு மைனஸ் 25. குவியத்தொலைவு பிளஸ் 40. பிம்பத் தொலைவின் தலைகீழ் எண் என்பது நாற்பதில் ஒன்றிலிருந்து இருபத்தைந்தில் ஒன்றைக் கழித்தது. அதாவது 5 கழித்தல் 8, கீழே 200. மைனஸ் 3-ன் கீழ் 200. பிம்பம் மைனஸ் 67 சென்டிமீட்டரில்.

"மைனஸ்னா?" என்று கேட்டேன்.

"லென்சுக்கு இந்தப் பக்கமே இருக்கு. பஞ்சாங்கம் இருக்கிற பக்கம். ஆனா..."

"ஆனா?"

"பஞ்சாங்கத்தைவிட ரொம்பத் தள்ளி இருக்கு."

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கண்ணாடி இல்லாமல் ஆச்சி கடிதம் படிப்பதுபோல இரண்டு கையையும் முழுக்க நீட்டிக் காட்டினாள். இரண்டடிக்கு மேல். 67 சென்டிமீட்டர்தான் அது. வெள்ளெழுத்துக் கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்றே அதுவரை நினைத்திருந்தாளாம். பிம்பம் இரண்டே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிதாகிறது, அதே மடங்கு தள்ளியும் போகிறது. ஆகக் கூடிக் கண்ணுக்கு ஏறக்குறைய அதே அளவுதான். ஆச்சியின் கண்ணால் எட்ட முடிகிற தூரத்துக்கு எழுத்தைக் கொண்டுபோய் வைக்கிற வேலையைத்தான் அந்தக் கண்ணாடி செய்கிறது. கண்ணாடி போடுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் சீட்டில் மைனஸ் 1.25 என்று இருந்தால், ஒன்றை அதால் வகுத்துப் பாருங்கள். மைனஸ் 80 சென்டிமீட்டர். கண்ணாடியைக் கழற்றினால் அந்தத் தூரத்துக்கு அப்பால் உங்களுக்கு எல்லாம் மங்கல். கிட்டப்பார்வைக் கணக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது.

படங்களுக்கு நான்கு நாள் ஆனது. கதிர்ப்படத்தில் அம்புக்குறி போடாத பிள்ளைகள் ஏராளம். அம்புக்குறி இல்லாவிட்டால் அது கதிர் ஆகாது, வெறும் கோடு. மாய பிம்பத்துக்குப் பின்னோக்கி நீட்டுகிற கோடு புள்ளிக்கோடாக இருக்க வேண்டும், அங்கே உண்மையில் ஒளி போகவில்லை. கோணத்தைப் பரப்பிலிருந்து அளக்காமல் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். தினமும் காலையில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எதையும் பார்க்காமல், ஐந்து படம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, கை பழக வேண்டும்.

ஆற்றுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாமிரபரணி அந்த மாதத்தில் தெளிந்து ஓடும். படித்துறையில் உட்கார்ந்தால் அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். தண்ணீரின் விலகல் எண் 1.33, மூன்றில் நான்கு. நேர் மேலிருந்து பார்க்கிறவருக்கு நான்கடி ஆழம் மூன்றடியாகத் தெரியும். எட்டடி ஆறடியாகத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். பாடத்தில் இது ஒரு சின்ன வரி. ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இது சின்ன வரி கிடையாது. கோடை விடுமுறைக்கு வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் 'தரை தெரியுது, ஆழம் இல்லை' என்று இறங்குவதும், அப்புறம் ஊரே கரையில் கூடி நிற்பதும் நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது. "தரை தெரியுற இடத்தை நம்பாதே, காலால தொட்டுப் பாத்து இறங்கு" என்று ஆச்சி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒளிவிலகலுக்குக் கணக்கு சொல்கிற ஸ்நெல் விதியை ஆச்சி படிக்கவில்லை. எந்த வருடமும் வகுப்பில் இந்த இடம் வரும்போது கணக்கை நிறுத்திவிட்டு இதைச் சொல்லாமல் நான் கடந்ததில்லை.

ஒளி ஏன் விலகுகிறது என்பதற்கு வண்டியைச் சொன்னேன். மாட்டுவண்டி கெட்டித் தரையிலிருந்து ஆற்று மணலுக்குள் சாய்வாக இறங்கினால், முதலில் மணலைத் தொடுகிற சக்கரம் மெதுவாகும். மற்றச் சக்கரம் தரையில் வேகமாகவே வரும். வண்டி மணல் பக்கமாக ஒடித்துத் திரும்பும். நேராக இறங்கினால் வேகம் குறையும், திசை மாறாது. ஒளிக்கும் இதேதான். அப்படியானால் தண்ணீருக்குள் எது மாறுகிறது, எது மாறவில்லை? வேகம் குறைகிறது, அலைநீளம் குறைகிறது, அதிர்வெண் மட்டும் அப்படியே இருக்கிறது. இது ஒரு மார்க் கேள்வியாக வராத வருடம் குறைவு. ஒரு நொடிக்கு எத்தனை அலை எல்லைக்கு வந்து சேர்கிறதோ அத்தனை அலை அந்தப் பக்கம் போய்த்தானே ஆக வேண்டும்? நடுவில் குவிந்து நிற்க இடம் ஏது? இந்தக் காரணத்தை ஒருமுறை புரிந்துகொண்ட பிள்ளை அந்த ஒரு மார்க்கை விடாது.

திரும்பி வரும்போது வரப்பில் ஒன்று காட்டினேன். பிசானம் கதிர் பால் பிடித்து நிற்கிற நேரம், நெல்தாள் முழுக்கப் பனி. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்தால், நம் நிழல் நெல்மேல் நீளமாக விழும். அந்த நிழலில் தலையைச் சுற்றி மட்டும் ஒரு வெளிச்சம் இருக்கும், சாமி படத்தில் இருப்பதைப்போல. பனித்துளி ஒவ்வொன்றும் குட்டி லென்சு. வெயிலை இலைமேல் குவிக்கிறது, இலை அதைச் சிதறடிக்கிறது, துளி அதை வாங்கி வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. அந்தத் திசையில் இருப்பது நம் தலை. "அத்தை, எனக்குத்தான் இருக்கு, உங்க தலைக்கு இல்லையே!" என்றாள். எனக்கு என் தலைக்குத்தான் தெரிந்தது, அவள் தலைக்கு இல்லை. ஏன் என்று கேட்டுவிட்டு நடந்தேன். வீடு வருவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: திரும்பி வருகிற வெளிச்சம் அவரவர் கண்ணுக்குத்தானே வருகிறது. பாடத்தில் இது இல்லை, தேர்விலும் வராது. ஆனாலும் காட்டினேன்.

ஒலியியலுக்கு ஆச்சிதான் வாத்தியார். அடுக்களைக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு வந்து பட்டாசலில் உட்கார்ந்து பூ கட்டுவாள். கண் பூவில் இருக்கும். திடீரென்று, "ஏட்டி, குடம் நெறஞ்சிட்டு, பைப்பை அடை" என்பாள். போய்ப் பார்த்தால் கழுத்துவரை வந்திருக்கும். எங்கள் எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான். தண்ணீர் ஏற ஏற மேலே மிச்சமிருக்கும் காற்றின் நீளம் குறைகிறது. ஒருபக்கம் மூடிய குழாயில் அடிப்படை அதிர்வின் அலைநீளம் காற்றின் நீளத்தைப்போல நான்கு மடங்கு. 30 சென்டிமீட்டர் காற்று இருந்தால் ஏறக்குறைய 280 ஹெர்ட்ஸ், 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் 850 ஹெர்ட்ஸ். குடம் நேரான குழாய் இல்லை என்பதால் எண்கள் கொஞ்சம் தள்ளும், சுருதி ஏறுவது தள்ளாது. பதினோராம் வகுப்பில் ஒத்ததிர்வுத் தம்பத்தையும் இசைக்கவையையும் வைத்து நாங்கள் செய்கிற சோதனையை ஆச்சி தினம் இரண்டு வேளை செய்கிறாள்.

பங்குனி பிறந்ததும் ஊரில் அம்மன் கொடை. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. ராத்திரி குழாய் ரேடியோ என்கிற ஒலிபெருக்கியில் வில்லுப்பாட்டு. அண்ணனுக்கு ஒரே எரிச்சல். "பிள்ளை எப்படிப் படிக்கும்?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஊர்க் கொடையை எப்படி நிறுத்த முடியும்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வில்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்து அலைகள் பாடத்துக்கு இதைவிட நல்ல ஆய்வகம் இல்லை. வில்லில் இழுத்துக் கட்டிய நாண், அதில் வீசுகோல் பட்டதும் இரண்டு முனையும் அசையாமல் நடு மட்டும் அதிர்கிறது. முனைகள் கணு, நடு எதிர்க்கணு. வில்லோடு சேர்த்து வைத்திருக்கும் குடத்தின் வாயில் மட்டையால் தட்டும்போது எழுகிற அந்த ஆழமான ஓசை, உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி விரிவதால் வருவது. அது நெட்டலை, அலை போகிற திசையிலேயே காற்று முன்னும் பின்னும் அசைவது. உடுக்கைக்காரர் நடுவில் இருக்கும் கயிற்றைப் பிடித்து அமுக்கும்போது ஓசை விம்மி மேலே ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. தோலின் இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடுகிறது. கம்பிக்கு அது இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம், நான்கு மடங்கு இழுத்தால் இரண்டு மடங்கு அதிர்வெண். கம்பி, காற்று, தோல் மூன்றும் ஒரே மேடையில் இருந்தன. பிள்ளை கதை கேட்டுக்கொண்டே உடுக்கைக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு கேட்டாள், பகலில் இந்த ரேடியோ சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவ்வளவாகக் கேட்பதில்லை, ராத்திரி மட்டும் ஏன் அங்கே இருக்கும் சித்தி வீடுவரை கேட்கிறது? நல்ல கேள்வி. ஊர் அடங்கிவிட்டதும் ஒரு காரணம். காற்று இன்னொரு காரணம். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும்: பூஜ்யம் டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர்ச்சி. ஒலி அலை மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. ராத்திரி தரையும் ஆறும் குளிர்ந்து, கீழ்க்காற்று குளிர்ச்சி, மேல்காற்று சூடு. மேலே போன ஒலி கீழே வளைந்து இறங்குகிறது. மணலில் இறங்கிய அதே வண்டிதான், இந்த முறை ஒலிக்கு.

ரயில் கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் பாதை எங்கள் ஊரைத் தொட்டுப் போகிறது. கேட்டில் நின்றால் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற ரயிலின் ஓசை, நம்மைக் கடந்த நொடியில் சட்டென்று இறங்கும். டாப்ளர் விளைவு. ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 20 மீட்டர். ஒலியின் வேகத்தை 340 என்று வைத்துக்கொண்டால், வரும்போது கேட்கிற அதிர்வெண் 340-ன் கீழ் 320 மடங்கு, போகும்போது 340-ன் கீழ் 360 மடங்கு. ஒன்றை மற்றதால் வகுத்தால் 360-ன் கீழ் 320, எட்டில் ஒன்பது. சங்கீதம் படித்தவர்களுக்கு இந்த எண் தெரியும். சட்சத்துக்கும் சதுசுருதி ரிஷபத்துக்கும் உள்ள விகிதம் அதுதான். 72-ல் போகிற ரயில் 'ரி' என்று வந்து 'ச' என்று போகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று நான் கல்லூரி மாணவி. விடுதி மொட்டைமாடியில் நின்று ரயிலுக்காக ராத்திரி பதினொரு மணிவரை காத்திருந்தேன்.

நடுவில் பிப்ரவரி 28 வந்தது, தேசிய அறிவியல் தினம். 1928-ல் அந்தத் தேதியில்தான் சர் சி. வி. ராமன் கல்கத்தாவில் தன் விளைவைக் கண்டறிந்தார். 1930-ல் நோபல் பரிசு. சிதறல் பகுதியை அன்று எடுத்தோம். ராலே சிதறலில் (காற்று மூலக்கூறுகளில் பட்டு ஒளி சிதறுவது) சிதறும் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதம் என்ற ஒரு வரியை வைத்து எவ்வளவோ சொல்லலாம். சிவப்பு 700 நானோமீட்டர், ஊதா 400. விகிதம் 1.75, அதை நான்கு முறை பெருக்கினால் ஒன்பதுக்கு மேல். ஊதா ஒன்பது மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. வானம் நீலம், பொதிகை மலைக்குப் பின்னால் இறங்குகிற சூரியன் சிவப்பு, அபாய விளக்கு சிவப்பு, எல்லாம் அந்த ஒரு வரி. ராமன் விளைவில் கூடுதலாக, சிதறிய ஒளியில் ஒரு சிறு பங்கின் அலைநீளமே மாறிவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் பிள்ளைகள் கோட்டைவிடுவார்கள்.

அந்த ஆய்வில் ராமனோடு இரவும் பகலும் நின்ற கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். அவர் பிறந்த 1898-ல் அந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவோடு இருந்தது. பாடப் புத்தகத்தில் அவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ராமன் இந்த விளைவுக்கு வருவதற்கு முன் வாத்தியங்களையும் ஆராய்ந்தார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். தோல் வாத்தியங்களில் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழுகிற மேற்சுரங்கள் பொதுவாக ஒழுங்கில்லாமல் இருக்கும். மிருதங்கத் தோலின் நடுவில் பூசுகிற கரணை என்ற கறுப்புப் பூச்சு அந்த மேற்சுரங்களை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்று 1920-லேயே எழுதினார். மிருதங்கம் செய்கிறவர்கள் பல தலைமுறையாகக் கையால் அறிந்திருந்ததை அவர் கணக்காக்கினார்.

மச்சில் வைத்த புத்தகத்தை மாசி கடைசியில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். புத்தகத்தின் சொற்கள் விடைத்தாளுக்கு வேண்டும். வரையறையை அதே சொற்களில் எழுதினால் திருத்துகிறவருக்கும் எளிது. இப்போது வாசிக்கும்போது நடுநடுவே நிறுத்தி, "அத்தை, இதுதானே அன்னைக்கு ஆத்துல பாத்தது?" என்று கேட்டுக்கொண்டே வாசித்தாள். மஞ்சள் பேனாவை எடுக்கவில்லை. இரண்டாம் திருப்புதலில் 75-க்கு 52. பொதுத்தேர்வு அறிவியல் தாளில் ஏழு மார்க் கேள்வி ஒன்றில் லென்சுக் கணக்கு வந்ததாகச் சொன்னாள், சரியாகப் போட்டதாகவும் சொன்னாள். அதை நான் துருவிக் கேட்கவில்லை.

தேர்வு முடிந்த வாரம் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனோம். எங்கள் சோதனைகளில் கண்ணாடியின் ஒரு கால் லூசாகிவிட்டிருந்தது, பஞ்சாங்கமும் முன்போலத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடையில் கண் பரிசோதித்தவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பிளஸ் மூன்று.

"முப்பத்துமூணு சென்டிமீட்டர்" என்றாள் பிள்ளை, சீட்டை எட்டிப் பார்த்த கையோடு. கடைக்காரர் சிரித்தார். அவள் அதோடு விடவில்லை. விரலால் தொடையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று, கழித்தல் நான்கு. மைனஸ் ஒன்று.

"அத்தை."

"என்ன?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு மீட்டர் வருது. முன்னாடி அறுபத்தேழு. அப்படின்னா கண்ணாடி இல்லாம ஆச்சிக்கு ஒரு மீட்டருக்கு இந்தப் பக்கம் எதுவுமே தெளிவா தெரியாதா?"

"பாடக் கணக்குப்படி அப்படித்தான்."

பழைய கண்ணாடியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவளுக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். ஆச்சி அவள் முகத்தைப் பார்த்து, "என்னட்டி ரெண்டு பேரும் குசுகுசுங்கிய?" என்று கேட்டாள். பிள்ளை பதில் சொல்லாமல் எழுந்து, ஸ்டூலை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.